கந்தலுக்குப் போன முதல் சொட்டு

"இன்னும் ஒரே ஒரு ஜன்னல்தான்" என்றார் மேஸ்திரி. அவருடைய ஒரே ஒரு ஜன்னல் குட்டி போடும் என்பது சாரத்தில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். போட்டது. எதிர்க் கட்டடத்தின் நிழல் ஒரு மாடி ஏறிவிட்டது. ஆட்களைக் கீழே இறக்குகிற பேச்சையே காணோம்.

பிசினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னல் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் பசை பீய்ச்சி, மழைத் தண்ணீர் உள்ளே வராமல் அடைப்பது அவன் வேலை. அதனால்தான் அந்தப் பேர். வீட்டில் வைத்த பேர் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

"என்ன பிசினு, அடுப்புல பால வெச்சுட்டு வந்த மாதிரி துடிக்கிற?" என்றான் பக்கத்துப் பலகையில் கண்ணாடியைத் தாங்கிப் பிடித்திருந்த கூட்டாளி.

"அடுப்புல இல்லப்பா, ஃபிரிட்ஜுல" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, பிசின் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஃபிரிட்ஜுல வெச்சது பொங்காதுடா, மெதுவாவே போ."

பிசின் பசைத் துப்பாக்கியில் புது டியூபை மாட்டினான். இடுப்பில் தொங்கிய கந்தலைப் பிடித்து முதல் பீய்ச்சலை அதில் துடைத்தான். பிறகுதான் கண்ணாடிப் பக்கம் போனான். இந்தத் தொழிலில் அது எழுதாத சட்டம். நின்று கிளம்புகிற துப்பாக்கியின் மூக்கில் காற்று நிற்கும், காய்ந்த தோல் நிற்கும். அதைக் கண்ணாடியில் வைத்தால் உள்ளே ஒரு குமிழி ஒளிந்துகொள்ளும். பார்க்க மொழுமொழுவென்று இருக்கும், யாரும் குற்றம் சொல்ல முடியாது. முதல் மழையில் ஒழுகும். அதனால் டியூப் புதிதோ பழையதோ, டீ குடித்துவிட்டு வந்து எடுத்தாலும் சரி, முதல் பீய்ச்சல் கந்தலுக்கு. பிசினுடைய கை இதை அவனைக் கேட்டுச் செய்வதில்லை.

ஒருவழியாக மேஸ்திரி வாய் திறந்தார். பிசின் ஏணியில் இறங்கினானா உருண்டானா என்று சொல்ல முடியாது. பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை, நின்றால் சீக்கிரம் போய்ச் சேரும் என்பதுபோலக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து வெளியே பார்த்தான்.

ஏழு மணிக்கு ஊசி போட வேண்டும். ஊசி அவனுக்கு இல்லை, அவன் மனைவிக்கு.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்து, மாதத்துக்கு ஒன்றாக முதிர்கிற முட்டையை ஒரே சமயத்தில் பலவாக முதிர வைக்கிற மருந்து கொடுத்தார்கள். அவை பக்குவத்துக்கு வந்ததும் எடுத்து, வெளியே கருவாக்கி, திரும்ப உள்ளே வைப்பார்களாம். முன்பு ஒரு முறை செய்து கைகூடவில்லை. அப்போது சொந்தபந்தம் மொத்தத்துக்கும் தெரிந்திருந்தது. மொத்தமும் வந்து ஆறுதல் சொன்னது. வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்து, கடைசி ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகுதான் அவள் அழுதாள். அதனால் இந்த முறை ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது என்று இரண்டு பேரும் முடிவு செய்திருந்தார்கள். இன்னொரு முறை என்ற பேச்சுக்கும் இடமில்லை. அவள் உடம்பும் ஒத்துக்கொள்ளாது, மனசும் தாங்காது. இதுதான் கடைசி.

முதலில் ஆஸ்பத்திரியிலேயே போட்டார்கள். அவள் வேலை செய்யும் துணி ஆல்டரேஷன் கடையில் தினமும் முன்னதாகக் கிளம்ப விடவில்லை. அப்புறம்தான் கடைசி சில நாளுக்கு மட்டும் மருந்தை ஒரு பேனாவில் அடைத்துக் கொடுத்து, வீட்டிலேயே போட்டுக்கொள்ளச் சொன்னாள் நர்ஸ். பேனா மாதிரிதான் இருந்தது. வாலில் ஒரு திருகு. திருகினால் பக்கத்தில் பொட்டுப்போல இருக்கிற ஜன்னலில் எண் ஏறும். முனையில் புது ஊசி மாட்டி, வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பிடித்து அதன் அடியில் செருகி, வாலை அழுத்தினால் எண் இறங்கும். சைபருக்கு வந்தால் மருந்து முழுசாக உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். சைபர் வந்தும் பத்து எண்ணுகிறவரை ஊசியை எடுக்கக்கூடாது.

"நான் போட்டுக்க மாட்டேன், நீங்கதான் போடணும்" என்று அவள் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"நாள் முழுக்க ஊசியும் கையுமா பொழைக்கிறவ நீ. உனக்கு ஊசின்னா பயமா?"

"அது துணியில குத்துறது. துணி வலிக்குதுன்னு சொல்லுமா?"

முதல் நாள் அவள் தையல் சாக்பீஸால் தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டு விரல் தள்ளி ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொண்டு படுத்தாள். இவன் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்ததும் குறி போய்விட்டது. "எங்க போடணும்?" "அதுக்குத்தானே குறி போட்டேன்!" "அதைத்தானே துடைச்சேன்!" என்று சிரிப்பும் சண்டையுமாகப் போனது. சுவரைப் பார்த்துத் திரும்பி, கண்ணை இறுக்கி மூடி, "ஏதாவது பேசிட்டே போடுங்க" என்பாள். இவன் மேஸ்திரியைத் திட்டிக்கொண்டே போடுவான். கை ஆடாது. அந்தக் கையைப் பற்றி அவனுக்கு ஒரு கர்வம் இருந்தது.

இன்றைக்குக் கடைசி ஊசி. நாளைக்குக் காலையில் ஸ்கேன்.

தெரு முனை திரும்பியதும் வீட்டு வாசலில் அக்காவின் ஸ்கூட்டர் நிற்பதைப் பார்த்தான். அக்கா வீடு வீடாகப் பார்சல் கொண்டு போய்க் கொடுக்கிறவள். பார்சலை மட்டுமல்ல. ஒரு தெருவில் காதில் விழுந்தது அடுத்த தெருவுக்குப் பார்சலுக்கு முன்னால் போய்ச் சேரும்.

உள்ளே நுழைந்ததும் அக்கா அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தாள். பார்த்துக் கண்ணைக் கசக்கினாள்.

"ஏன்டா தம்பி, எங்கிட்டகூட சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

பிசின் மனைவியைப் பார்த்தான். அவள் அக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து, எனக்கு ஒன்றும் தெரியாது என்று கையை விரித்தாள்.

"எதைக்கா?"

"ரெண்டு நாள் முன்னாடி தண்ணி எடுக்க ஃபிரிட்ஜத் தொறந்தேன். கதவுல பேனா மாதிரி ஊசி. நான் எத்தன வீட்டுக்கு மருந்து பார்சல் குடுக்கறேன், எனக்குத் தெரியாதா? சக்கரை! இந்த வயசுல! நம்ம பரம்பரையில யாருக்கும் இல்லாத சக்கரை உனக்கு எங்கேர்ந்துடா வந்துச்சு?"

பிசினுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

"ஆமாக்கா... கொஞ்சூண்டுதான்" என்றான்.

"கொஞ்சூண்டு! சக்கரையில என்னடா கொஞ்சூண்டு? கையை நீட்டு." அக்கா பையிலிருந்து ஒரு சின்ன மெஷினை எடுத்தாள். "தெரிஞ்ச வீட்ல கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். எவ்வளவுன்னு பாத்துட்டுத்தான் போவேன்."

கடிகாரம் ஏழை நெருங்கிக்கொண்டிருந்தது. நீட்டாவிட்டால் கிளம்ப மாட்டாள் என்று அவன் விரலை நீட்டினான். அக்கா குத்தினாள். ரத்தம் வரவில்லை. வருஷக்கணக்காகப் பசையும், பசையை எடுக்கிற தின்னரும் பட்டுப் பட்டு விரல் நுனி தோலா செருப்பா என்று தெரியாமல் இருந்தது. அடுத்த விரல். அதிலும் இல்லை.

"என்னடா இது, காண்டாமிருகத்துக்குத் தம்பியா பொறந்துட்டியா?"

"அப்ப நீ யாருக்கா?"

"வாய் மட்டும் கொறையல." மூன்றாவது விரலில் ஓங்கிக் குத்தி ஒரு சொட்டைப் பிதுக்கி எடுத்து மெஷினில் வைத்தாள். எண் வந்தது. உற்றுப் பார்த்தாள். மெஷினைத் தட்டினாள். மறுபடி பார்த்தாள். சக்கரை இல்லாத ஆளுக்கு இருக்க வேண்டிய அளவு.

"மெஷின் கெட்டுப்போச்சு போல" என்றாள், ரொம்ப வருத்தமாக.

"சரிக்கா, ஊசி நேரம். உள்ள போய்ப் போட்டுட்டு வந்துடறேன்."

"போ போ. ஏம்மா, நீ எங்க அவன் பின்னாடியே போற?"

"அவருக்குப் பயம் அண்ணி. கையப் புடிச்சுக்கணும்" என்று சொல்லிவிட்டு மனைவி அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

பிசின் தேய்த்துத் தேய்த்துக் கையைக் கழுவினான். அவள் படுத்து, சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். வயிற்றில் முந்தின ஊசிகளின் நீலப் பொட்டுகள். அவற்றை விட்டுத் தள்ளி இடம் பார்த்தான். புது ஊசியை மாட்டினான். வழக்கம்போல வாலைக் கொஞ்சம் திருகி அழுத்தி, முனையில் வந்த சொட்டைப் பஞ்சில் துடைத்தான். அப்புறம் முழு அளவு திருகினான். துணியில் மடிப்புப் பிடிக்கிற மாதிரி தோலைப் பிடித்துச் செருகினான்.

"இன்னிக்கு மேஸ்திரி என்ன பண்ணாரு தெரியுமா..." என்று ஆரம்பித்து அழுத்தினான்.

எண் இறங்கியது. இறங்கிக்கொண்டே வந்து நடுவில் நின்றது. அழுத்தினான். அசையவில்லை. கட்டைவிரல் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினான். குட்டி ஜன்னலில் எழுபத்தைந்து என்று நின்றது நின்றதுதான்.

"மேஸ்திரி என்ன பண்ணாரு?" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

பேனாவில் மருந்து தீர்ந்துபோயிருந்தது. எப்படித் தீரும்? கணக்காகத்தானே அடைத்துக் கொடுத்தார்கள்? அப்போது அவன் கண் தரையில் கிடந்த பஞ்சின் மேல் விழுந்தது. ஸ்பிரிட்டில் துடைத்த பஞ்சு ஒன்று. சொட்டைத் துடைத்த பஞ்சு ஒன்று. நர்ஸ் சொன்னது தலைக்குள் திரும்பக் கேட்டது. "பேனா புதுசா தொறக்கும்போது மட்டும் ஒரு சொட்டு பாத்துக்குங்க. அப்புறம் வேண்டாம்." அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான்தான். தலை கேட்டது, கை கேட்கவில்லை. முதல் பீய்ச்சல் கந்தலுக்கு என்று பழகிய கை தினமும் முதல் சொட்டைப் பஞ்சுக்குக் கொடுத்திருக்கிறது. அவள் வயிற்றுக்குப் போக வேண்டியது குப்பைக்குப் போயிருக்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதையாகக் கடைசி நாளில் வந்து கழுத்தைப் பிடித்திருக்கிறது.

"முடிஞ்சுதா?" என்றாள்.

முடிஞ்சுது என்று சொல்லலாம். அவள் கண் மூடியிருந்தது. ஊசியை எடுத்துவிட்டு வாலைப் பழையபடி திருகி வைத்தால் தெரியவா போகிறது? பூசின பிறகு உள்ளே குமிழி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. மழை வரும்போதுதான் தெரியும். நாளைக்கு ஸ்கேன் பார்க்கிறவர் வளர்ச்சி போதாது என்று உதட்டைப் பிதுக்கினால், உன் உடம்பு அப்படி என்று அவளிடம்தான் சொல்வார்கள். அவளும் அப்படித்தான் நம்புவாள்.

பத்து எண்ணி ஊசியை எடுத்தான்.

"முடியலை" என்றான். "எந்திரி. நான் ஒரு வேலை பண்ணிட்டேன்."

அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. பேனாவை வாங்கி ஜன்னலைப் பார்த்தாள். பஞ்சைப் பார்த்தாள்.

"தினமுமா?"

"தினமும்."

"கண்ணை மூடிட்டுப் படுத்திருந்தது என் தப்பு." குரல் மேலே ஏறி, வெளியே அக்கா இருப்பது நினைவுக்கு வந்து, பல்லுக்குள் அமுங்கியது. "ஒரு சாண் துணி வீணாக்க மாட்டேங்க நான். தினமும் ஊத்தித் துடைச்சிருக்கீங்க. ஜன்னலு, ஜன்னலுன்னு... நான் என்ன உங்க ஜன்னலா?"

பேனாவை அவன் கையில் திணித்தாள். பிறகு, "சிஸ்டருக்குப் போன் போடுங்க. நின்னு முழிச்சா மருந்து ஊறுமா அதுல?" என்றாள்.

நர்ஸ் எடுத்தாள். இவன் உளறியதை முழுசாகக் கேட்டாள்.

"பதறாதீங்க. ஜன்னல்ல எவ்வளவு நிக்குது?"

"எழுபத்தஞ்சு சிஸ்டர்."

"அதுதான் பாக்கி. புதுப் பேனா வாங்கி அந்த எழுபத்தஞ்சு மட்டும் வெச்சு இன்னிக்கே போட்டுருங்க. நீங்களா கூட்டிக் கொறைச்சுப் பண்ணாதீங்க. டாக்டர்கிட்டயும் நான் சொல்லிடறேன். ஆஸ்பத்திரிக்குக் கீழ இருக்கிற கடையில மட்டும்தான் இது கிடைக்கும். அவரு ஷட்டர் போடற நேரம். நான் சொல்லி வைக்கறேன், உடனே கிளம்புங்க. ஐஸ் போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

ஆஸ்பத்திரி ஊரின் அந்தக் கோடி. பஸ்ஸை நம்பினால் விடிந்துவிடும். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கதவைப் பார்த்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்கூட்டரும், குளிர்ந்த சாமான் கொண்டுபோகிற பார்சல் பையும், ஊர் முழுக்க எல்லாச் சந்தும் தெரிந்த ஒருத்தியும் இருந்தாள்.

"வேண்டாம்" என்றான் பிசின். "வண்டிய மட்டும் கேக்கறேன். எனக்கு மருந்து தீந்துபோச்சுன்னு சொல்லிக்கலாம்."

"அண்ணி வண்டிய யாருக்குக் குடுத்திருக்காங்க? அதுவும் நீங்க ஓட்டற லட்சணத்துக்கு?"

"அக்கா காதுல விழுந்தா நாளைக்கே தெரு தெருவா போயிரும். திரும்பவும் எல்லாரும் வந்து உக்காருவாங்க. உன்னால தாங்க முடியாது."

"வந்தா வரட்டும். இந்தத் தடவை டீ போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவளே கதவைத் திறந்தாள்.

"அண்ணி, அந்த ஊசி அவருக்கு இல்ல, எனக்கு" என்றாள். மொத்தத்தையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். பஞ்சையும் சொன்னாள்.

பிசின் தலையைக் குனிந்துகொண்டான். இடி விழும் என்று காத்திருந்தான். விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அக்கா வாயைத் திறந்தபடி நின்றிருந்தாள். அதிலிருந்து ஒரு சொல் வரவில்லை. பிறந்ததிலிருந்து அவன் இப்படிப் பார்த்ததில்லை.

"சாவி..." என்றாள் கடைசியில். "சாவிய எங்க வெச்சேன்? டேய், நிக்கறியே, ஃபிரிட்ஜுல ஐஸ் எடுடா!"

அக்கா வண்டி ஓட்டினாள் என்று சொல்வது பொய். வண்டியை எய்தாள். பெரிய ரோட்டை விட்டுவிட்டு, ஒரு கடையின் பின்வாசல் வழியாக நுழைந்து, துணி காய்கிற கொடிகளுக்குக் கீழே குனிந்து, அவன் கண்டிராத சந்துகளில் போனாள். பின்னால் உட்கார்ந்து பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தவனுக்கு வேகத்தைவிட அவள் பேசாமல் வந்ததுதான் பயமாக இருந்தது. சிவப்பு விளக்கில் நின்றபோது மட்டும் திரும்பாமலே கேட்டாள்.

"போன தடவை நாங்கள்ளாம் வந்தது அவளுக்குக் கஷ்டமா இருந்துச்சாடா?"

அவன் பதில் சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது.

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கி, அதன் கீழே குனிந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிஸ்டர் சொன்ன ஆளா?" என்று மருந்துச் சீட்டைச் சரிபார்த்து, டப்பாவை நீட்டினார். அக்கா அதை ஐஸின் மேல் நேராகப் படாமல் துணி சுற்றிப் பைக்குள் வைத்தாள். "ஐஸ் மேல பட்டா உறைஞ்சு கெட்டுப்போகும், நான் தினம் பண்ற வேலை இது" என்று முனகினாள். அவள் திரும்பப் பேச ஆரம்பித்தது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

வீட்டில் மனைவி படுக்கவில்லை, உட்காரவும் இல்லை. அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

பிசின் கையைக் கழுவினான். புதுப் பேனாவில் ஊசியை மாட்டினான். மாட்டிவிட்டு அப்படியே நின்றான். கை எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நின்றது.

"என்ன?" என்றாள்.

"சொட்டுப் பாக்கறதா வேண்டாமா?"

"இது புதுசு. இதுக்குப் பாக்கணும். இப்பத்தாங்க பாக்கணும்."

பார்த்தான். முனையில் ஒரு சொட்டு திரண்டு விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. அதைத் துடைக்க அவனுக்கு மனசே வரவில்லை, துடைத்தான். வாலைத் திருகினான். எழுபத்தைந்து. அவளிடம் காட்டினான். அவள் தலையாட்டிவிட்டுப் படுத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. ஒரு முழங்கையை ஊன்றி, தலையைத் தூக்கி, தன் வயிற்றையும் அவன் கையையும் பார்த்தாள்.

"கண்ணை மூடிக்க."

"மூடின வரைக்கும் போதும். போடுங்க."

ஊசி இறங்கியபோது அவள் உதட்டைக் கடித்தாள், ஆனால் கண் ஜன்னலை விட்டு அகலவில்லை. எண் இறங்கியது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இறங்கி, இறங்கி, சைபரில் வந்து நின்றது.

"சைபர்" என்றாள் அவள்.

"பத்து எண்ணணும். அசையாதே."

அவன் எண்ண ஆரம்பித்தான். நாளைக்கு ஸ்கேனில் என்ன சொல்வார்களோ, இந்த ஒரு மணி நேரம் பிந்தியதில் ஏதாவது கெட்டிருக்குமோ என்று மனசு ஒரு பக்கம் பிறாண்டிக்கொண்டே இருந்தது. அப்போது வெளியே அக்காவின் போன் அடித்தது. அக்காவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"சொல்லு சித்தி... ஆமா, தம்பி வீட்லதான் இருக்கேன்... ஆமா ஆமா, சக்கரைதான். நானே குத்திப் பாத்துட்டேன். மெஷினே பயந்துபோச்சு, அவ்வளவு இருக்கு... வேண்டாம் வேண்டாம், யாரும் பாக்க வர வேண்டாம்! டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு, ஆளுங்கள பாத்தா ஏறுமாம்..."

பிசின் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. வயிறு குலுங்கியது. அவன் கையிலிருந்த பேனாவும் சேர்ந்து குலுங்கியது.

"சிரிக்காதே" என்றான், எத்தனை வரை எண்ணினோம் என்று மறந்துபோய். "சொன்னா கேளு, சிரிக்காதே. ஊசிய இன்னும் எடுக்கலை."